காயாத நெயில் பாலிஷ்: 'கடை காலி' காம்போ வாங்கப் போறவங்க கவனத்துக்கு

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து அக்கா தங்கச்சிகளே, இன்ஸ்டாவில் 'கடையை மூடுறோம், பிராண்டட் நெயில் பாலிஷ் 30 பாட்டில் 699 ரூபாய்' என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வாங்கிடாதீங்க. எங்க வீட்டுக்கு வந்த பெட்டியால் மைனிக்கு (அண்ணிக்கு) விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடை என்று பேஜில் போட்டிருந்தது. கூரியர் கவரில் அனுப்பினவர் முகவரியே இல்லை. பணம் ஜிபேயில் முன்னாடியே வாங்கிக்கொண்டார்கள்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு டிரே நிறைய க்யூட்டெக்ஸ் உண்டு. புதுசையும் சேர்த்து நிறவாரியாக அடுக்க உட்கார்ந்தபோதுதான் குட்டு உடைந்தது. கண்ணாடி பாட்டில்களில் காலாவதித் தேதி ஒரு குட்டி ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. ஒன்றில் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டினேன். அடியில் அச்சடித்த தேதி, 2021. மற்றதையும் சுரண்டினால் எல்லாம் அதே கதை. மேலே மஞ்சளாகத் தண்ணி பிரிந்து நிற்பது பெரிய குற்றம் இல்லை, உள்ளங்கையில் வைத்து உருட்டினால் சேர்ந்துவிடும். இவை திறந்ததுமே ரிமூவர் வாடை அடித்தது. கெட்டியானதில் ரிமூவர் ஊற்றி இளக்கியிருக்கிறார்கள். அப்படி இளக்கினது நகத்தில் மங்கலாகத்தான் காயும், இரண்டு நாளில் உதிரும்.

இதைக்கூட விட்டுவிடலாம். மீதிப் பாட்டில்கள் கறுப்பாக, உள்ளே தெரியாத மாதிரி இருந்தன. ஓணத்துக்கு முந்தின நாள் அதில் ஒரு மெரூனை மைனிக்குப் போட்டேன். கையை வெந்நீரில் ஊறவைத்து, சதையை ஒதுக்கி, எண்ணெய்ப் பசை போக நகத்தைத் துடைத்து, பேஸ் கோட், மேலே மெல்லிசாக இரண்டு கோட். ராத்திரி வரைக்கும் பிசுபிசுப்பு போகவில்லை. விற்றவரிடம் கேட்டால், "ஏசி ரூம்ல வைங்க சிஸ்டர்" என்று பதில். (தக்கலையில் எந்த வீட்டு அடுக்களையில் ஏசி இருக்கு?) மறுபடி கேட்டதும், "அதுக்கு லேம்ப் வேணும், 1,200 ரூபாய், அனுப்பவா?" என்றார். ஆக, உள்ளே இருப்பது ஜெல் பாலிஷ் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

சாதாரண பாலிஷில் எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிப் போனால் நைட்ரோசெல்லுலோஸ் படலம் மிஞ்சும், அதுதான் காய்வது. ஜெல்லில் இருப்பது அக்ரிலேட் வகை. புற ஊதா வெளிச்சமோ அதற்கான எல்இடி லேம்ப்போ பட்டால்தான் இறுகும். அதனால்தான் பாட்டிலையே இருட்டாகச் செய்கிறார்கள். ஃபேனுக்கு அடியில் பொங்கல் வரைக்கும் கையை நீட்டி வைத்தாலும் காயாது.

காயாத ஜெல் தோலில் படுவதுதான் ஆபத்து. மைனி கல்யாணத்துக்கு பார்லரில் ஜெல் போட்டவர், அப்போது ஒன்றும் இல்லை. இந்தத் தடவை நகத்தைச் சுற்றி அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்து, "இந்த ஒவ்வாமை ஒருதடவை வந்தா பொதுவா போகாது, இனி ஜெல் பக்கமே போகாதீங்க, பல் அடைக்கப் போனா டாக்டர்ட்ட இதைச் சொல்லிருங்க" என்றார். பல்லில் வைக்கும் வெள்ளை ஃபில்லிங்கிலும் இதே குடும்பத்துப் பொருள் உண்டாம்.

இனி வாங்குகிறவர்கள் பாட்டிலிலோ அட்டையிலோ தயாரிப்பாளர் பெயர், உரிம எண், காலாவதித் தேதி பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். 2020 அழகுசாதன விதிகள் கேட்பது இது. தேதி ஸ்டிக்கரில் இருந்தால் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீங்க.

போட்டோ அனுப்பினதும் எங்களை பிளாக் செய்துவிட்டார்கள். ஸ்க்ரீன்ஷாட், ஜிபே ரசீது எல்லாம் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது; விற்றவர் எந்த ஊரானாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவர்கள் கறுப்புப் பாட்டிலைக் கழிப்பறையில் ஊற்றாதீங்க, சருகோடு போட்டு எரிக்கவும் வேண்டாம். கையுறை போட்டு ஒரு அட்டையில் மெல்லிசாகப் பூசி வெயிலில் வையுங்கள், இறுகினதும் குப்பையில் போடலாம். புகாருக்குச் சாட்சியாக ஒரு பாட்டிலை மட்டும் மூடி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.