புள்ளி அட்டையா, செயற்கை நுண்ணறிவா? மலையக வாட்டுக்கு எது முதலில்

வாட்டில் இருக்கும் நோயாளி அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் அளவுக்குச் சரிவதற்குப் பல மணித்தியாலங்கள் முன்பே பெரும்பாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரித்தானியாவின் ராயல் காலேஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட, சுவாசம், நாடி போன்ற அளவுகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டும் நியூஸ்-2 அட்டை. மற்றது, கணினிப் பதிவுகளைப் பார்த்து எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு. எங்கள் ஆதார வைத்தியசாலைகளுக்கு முதலில் வேண்டியது அட்டைதான்.

அட்டைக்குப் பேனா, செக்கன் முள் உள்ள கடிகாரம், பிரஷர் கருவி, விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர், தெர்மோமீட்டர் போதும். சுவாசம் நிமிடத்துக்கு 26 என்றால் 3 புள்ளி, ஒட்சிசன் 93க்கு 2, நாடி 112க்கு 2, காய்ச்சல் 38.4க்கு 1, மேல் பிரஷர் 104க்கு 1. நோயாளி தெளிவாகப் பேசுகிறார், ஒட்சிசன் கொடுக்கவில்லை, கூட்டினால் 9. ஐந்தைத் தொட்டால் வைத்தியர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். ஏழைத் தொட்டால் இடைவிடாத கண்காணிப்பு.

அட்டை தவறிப்போவது பெரும்பாலும் சுவாசத்தில். முழு நிமிடம் எண்ணாமல் எல்லோருக்கும் 20 என்று எழுதினால், மேலே சொன்ன அதே நோயாளி 9இலிருந்து 6க்கு இறங்கிவிடுவார். கணினியும் இதே 20ஐத்தான் வாங்கிக்கொள்ளும். எண்ணாத மூச்சை எந்த நுண்ணறிவும் எண்ணித் தராது.

அட்டைக்குக் குருட்டுப் பக்கமும் இருக்கிறது. டெங்கில் திரவம் கசியும் கட்டத்தில் பிரஷர் 112/94 என்று இருக்கலாம். மேல் எண்ணுக்கு அட்டை தருவது பூச்சியம். ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 18தான். இருபதுக்கு இறங்கினாலே ஆபத்து. ஆகவே டெங்கு நோயாளிக்கு இடைவெளியையும் ஹீமட்டோகிரிட்டையும் (இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு) தனியாக எழுதுங்கள். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினினும் அட்டையில் தெரியாது. பல நாள் இரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்ப்பதில் செயற்கை நுண்ணறிவு உண்மையிலேயே முந்துகிறது. ஆனால் முடிவுகள் நோயாளியின் கட்டில் குறிப்புத் தாளிலேயே (BHT) கிடந்தால் அதற்கு எதுவும் தெரியாது.

எல்லாம் கணினியில் இருந்தும் சறுக்கிய கதை உண்டு. மருத்துவப் பதிவு மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) எச்சரிக்கையை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியசாலையில் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதமானோரை அது தவறவிட்டது. 100 எச்சரிக்கையில் ஏறத்தாழ 12தான் சரி. மீதி 88க்கும் எழுந்து ஓடும் தாதி, அடுத்த முறை மெதுவாகத்தான் எழுவார். மறுபக்கம், ஜோன்ஸ் ஹொப்கின்ஸின் வேறொரு முறை ஐந்து வைத்தியசாலைகளில் இயங்கியது. எச்சரிக்கையை 3 மணித்தியாலத்துக்குள் ஒருவர் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடையே, மற்றவர்களோடு ஒப்பிட, மரணம் சுமார் 19 சதவீதம் குறைவு என்று 2022இல் அறிவித்தார்கள். எச்சரிக்கையை ஆள் சீக்கிரம் பார்த்த இடத்தில்தான் இந்தக் குறைவு தெரிந்தது.

இரண்டையுமே ஏமாற்றக்கூடியது எங்கள் குளிரும் உயரமும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே சுகமாக இருப்பவருக்கும் ஒக்சிமீட்டர் 95 காட்டலாம். அதற்கே அட்டையில் 1 புள்ளி. அந்தப் புள்ளியை அழிக்காதீர்கள். சுகமாக இருந்தபோது எடுத்த அளவு தெரிந்தால் பக்கத்தில் எழுதிவையுங்கள். விறைத்த விரலில் எண் தடுமாறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, திரையில் நாடி அலை சீரானதும் வாசியுங்கள். சமதரை நகரத்து நோயாளிகளை வைத்துப் பழக்கிய கணினிக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

பதிவெல்லாம் கணினிக்கு மாறிய பெரிய வைத்தியசாலை செயற்கை நுண்ணறிவை வாங்குவதானால், முதல் சில மாதங்கள் அதன் மணியை நிறுத்திவைத்துப் பின்னணியில் மட்டும் ஓட விடுங்கள். யாரை முன்கூட்டிக் காட்டியது, யாரைத் தவறவிட்டது, ஒரு இரவு முறைக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கும் என்பதை அதே நோயாளிகளின் அட்டைப் புள்ளிகளோடு வைத்துப் பாருங்கள். அட்டையை விட முந்திக் காட்டாவிட்டால் மணியைத் திறக்க வேண்டாம்.