ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு வீடுகள்: '3 பிஎச்கே'யும் 'பறந்து போ'வும்

2025 ஜூலை 4. ஸ்ரீகணேஷ் இயக்கிய '3 பிஎச்கே'யும் ராம் இயக்கிய 'பறந்து போ'வும் அன்றுதான் வெளியாகின. இரண்டும் நடுத்தரக் குடும்பத்தின் கதை, இரண்டிலும் சென்னை, இரண்டிலும் பணமுடை. முதல் படத்தில் ஒரு குடும்பம் மூன்று படுக்கையறை கொண்ட சொந்த வீட்டுக்குள் நுழைவதற்காக ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் போராடுகிறது. இரண்டாவது படத்தில் ஒரு சிறுவன் பூட்டிய அடுக்குமாடி வீட்டிலிருந்து வெளியே போயே தீருவேன் என்று அடம்பிடிக்கிறான். ஒரு படம் உள்ளே போகத் துடிக்கிறது, இன்னொன்று வெளியே ஓடுகிறது. யாரும் பேசிவைத்துக்கொண்டு இப்படி வெளியிட்டிருக்க முடியாது.

சனிக்கிழமை மாலை அப்பா அம்மாவோடு '3 பிஎச்கே' பார்த்தேன். ஞாயிறு காலைக் காட்சிக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு 'பறந்து போ'வுக்குப் போனேன். அன்றிலிருந்து நண்பர்கள் கேட்பதெல்லாம் "ரெண்டுல எது?" என்பதுதான். என் பதில் 'பறந்து போ'. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் '3 பிஎச்கே'க்கு அநியாயம் செய்தவன் ஆவேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கதையின் முக்கியமான இடங்களைத் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

'3 பிஎச்கே'யின் பெரிய பலம் அதன் பணக்கணக்கு. நம் சினிமாவில் ஏழை இருப்பார், பணக்காரர் இருப்பார். மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சியது, அதில் எவ்வளவு எடுத்துவைத்தோம், அது எதற்காகக் கரைந்தது என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் படம் அபூர்வம். சரத்குமார் நடித்த வாசுதேவனின் குடும்பம் அதைச் செய்கிறது. சேமிப்பு கொஞ்சம் சேரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து வாரிக்கொண்டு போகிறது: மகனின் இன்ஜினியரிங் சீட்டு, மருத்துவச் செலவு, மகளின் கல்யாணம். திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்குள் ஃபிளாட்டின் விலை இன்னொரு படி ஏறிவிடுகிறது.

இதில் துளியும் மிகை இல்லை. வீடு வாங்க முயன்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முதல் கஷ்டம் மாதத் தவணை இல்லை, கையில் இருக்க வேண்டிய முன்பணம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான். மிச்சம் நம் கையிலிருந்து போக வேண்டும். பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 2017-இல் 11 சதவீதம் ஆனது, 2023-இல்தான் 9 சதவீதத்துக்கு இறங்கியது. இது எல்லாம் முடிந்து, 9 சதவீத வட்டியில் 30 லட்சம் கடன் வாங்கி 20 வருடம் கட்டினால் மாதம் சுமார் 27,000 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 65 லட்சத்தைத் தொட்டிருக்கும். படம் இந்த எண்களை எல்லாம் பாடமாக எடுக்கவில்லை. ஆனால் இவை ஒரு மனிதனின் தோளை எப்படி இறக்கிவிடும் என்பதை சரத்குமாரின் நடையிலேயே காட்டுகிறது.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் 'வீடு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கும், அதன் கீழே தொகைகள். பாதித் தொகைகள் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'அக்கா காலேஜ்', 'அம்மா ஆபரேஷன்' என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை டி.வி.எஸ் 50-இன் முன்னால் நிற்கவைத்து ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை பார்க்கக் கூட்டிப்போவார். கொடி கட்டிய கல் நட்டிருக்கும், வெயில் கொளுத்தும், யாரோ ஒருவர் குடை பிடித்தபடி "இன்னும் ரெண்டு வருஷத்துல ரேட் எங்கயோ போயிடும் சார்" என்பார். உண்மையிலேயே போனது. நாங்கள்தான் வாங்கவில்லை. அதனால் '3 பிஎச்கே'யை என்னால் வெளியாள் மாதிரிப் பார்க்க முடியவில்லை. இடைவேளையில் அப்பா காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.

சரத்குமாரையும் தேவயானியையும் ஜோடியாகப் போட்டதில் ஒரு அழகு இருக்கிறது. 1997-இல் வந்த 'சூர்யவம்சம்' படத்தில் இதே ஜோடி ஒன்றுமில்லாமல் வெளியே வந்து, 'நட்சத்திர ஜன்னலில்' பாட்டு முடிவதற்குள் பஸ் முதலாளி ஆகிவிடும். அந்தப் பாட்டைக் கேட்டு நாமும் அப்படி ஒரு பாட்டு நம் வாழ்க்கையிலும் வரும் என்று நம்பி வளர்ந்தவர்கள். இந்தப் படத்தில் அதே இருவருக்கு முழுப் படமும் போதவில்லை. சரத்குமார் குரலைத் தாழ்த்தி, மகன் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடித்திருக்கும் இடங்கள் அவர் வாழ்நாளின் சிறந்த நடிப்பில் சேரும் என்பது என் கருத்து. சித்தார்த்துக்கு இது 40-வது படம். பள்ளிப் பையனாக அவர் வரும் பகுதியில் கொஞ்சம் நெளிந்தேன், உண்மைதான். ஆனால் படிப்பு ஏறாத, வேலை பிடிக்காத, அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சியிலேயே வயதாகும் பிரபுவாக அவர் பிடித்துக்கொண்டார்.

இனி எனக்கு உறுத்தியது. இரண்டாம் பாதியில் அடி மேல் அடி. பணம் சேர்ந்தவுடன் சரியாக அந்த வாரமே ஒரு துயரம் வந்து கதவைத் தட்டுகிறது. முதல் இரண்டு முறை வயிறு கலங்குகிறது, நான்காவது முறை அடுத்து என்ன வரும் என்று நாமே சொல்லிவிடலாம். அம்ரித் ராம்நாத்தின் பாடல்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் காட்சி தானாகவே அழவைக்கும் இடங்களில் பின்னணி இசையும் கூட வந்து தோளைத் தட்டுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. படம் எவ்வளவோ கேள்வி கேட்கிறது, 'இந்த வீடு எதற்கு?' என்று மட்டும் கேட்கவே இல்லை. மகளாக மீதா ரகுநாத் நடித்த ஆர்த்தியைப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்காகவும் வீட்டுக்காகவும் விட்டுக்கொடுத்துப் பழகியவள். கல்யாணமும் அவளுக்கு நரகமாகிறது. அவள் இழந்ததையெல்லாம் எந்த நோட்டில் எழுதுவது? படம் அவளைப் பரிவோடுதான் பார்க்கிறது, ஆனால் கடைசியில் எல்லா வலிக்கும் மருந்தாகச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறது. தியேட்டரில் நானும்தான் கண் கலங்கினேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, ஆர்த்திக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி கூடவே வந்தது.

மறுநாள் காலை 'பறந்து போ' பார்த்தபோது, முந்தைய நாள் கேள்விக்கு யாரோ பதில் சொல்ல ஆரம்பித்தது போல இருந்தது.

கோகுலும் குளோரியும் கலப்புமணம் செய்துகொண்டவர்கள். தவணை, பள்ளிக் கட்டணம் என்று இருவரும் ஓடுகிறார்கள். குளோரி கோவையில் கண்காட்சியில் சேலைக் கடை போட்டிருக்கிறார். கோகுல் பணத்துக்கு அலைகிறார். மகன் அன்பு பூட்டிய வீட்டுக்குள் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். பையனைச் சமாதானப்படுத்தத்தான் அப்பா வண்டியை எடுக்கிறார், பிறகு திரும்பி வரவே முடியவில்லை. மகன் எதையாவது பார்த்தால் ஏறிவிடுகிறான், இறங்கமாட்டேன் என்கிறான். அப்பா கீழே நின்று கெஞ்சுகிறார். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

ராம் படம் என்றால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு. 'கற்றது தமிழ்', 'தங்க மீன்கள்', 'தரமணி', 'பேரன்பு' எதுவும் லேசாக வீட்டுக்கு அனுப்பிய படம் இல்லை. இந்தப் படத்தில் அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் சிரித்தார்கள். 2013-இல் வந்த 'தங்க மீன்க'ளோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் இயக்குநர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது புரியும். அதிலும் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத அப்பாதான். மகள் ஆசைப்பட்ட விலை உயர்ந்த நாய்க்குட்டிக்காக அவர் ஊர் ஊராக உடைந்து போவார். அந்தப் படத்து அப்பாவுக்கு அன்பு என்பது எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடுவது. இந்தப் படத்துப் பையன் கேட்பது கடையில் கிடைக்காது. கூட வா, நில், பார் என்கிறான். அந்த நேரத்தைத்தான் கோகுல் ஏற்கெனவே தவணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கோகுலாக வரும் சிவாவை இப்படி ஒரு படத்தில் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய வழக்கமான முகம் மாறாத பேச்சு அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் பயம் தெரிகிறது. காசு இல்லாத அப்பாவுக்குக் கையில் மிஞ்சும் ஒரே சொத்து நகைச்சுவை என்பது போல நடித்திருக்கிறார். கிரேஸ் ஆண்டனியின் குளோரி எனக்கு மிகவும் பிடித்தார். போனில் கத்துகிறார், உடனே அடுத்த வாடிக்கையாளரிடம் சிரிக்கிறார், பிள்ளை மேல் உள்ள கவலையும் விற்காத சேலைகளின் கவலையும் ஒரே முகத்தில் ஓடுகின்றன. தியாகச் சிலையாக நிற்கவைக்காமல் ஒரு அம்மாவை எழுதியதற்கே ராமுக்கு நன்றி. மிதுல் ரயான் நடித்த அன்பு சில இடங்களில் எரிச்சல் மூட்டுவான். மூட்டத்தான் வேண்டும், எட்டு ஒன்பது வயதுப் பையனோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சந்தோஷ் தயாநிதி இசையில், மதன் கார்க்கி வரிகளில் சின்னச் சின்னப் பாட்டுகள் நிறைய வருகின்றன. பின்னணி இசை யுவன். பாட்டுகளில் பாதி அருமை, கதாபாத்திரம் மனதுக்குள் முணுமுணுப்பது போல இருக்கும். மீதி, காட்சி ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் அக்கா மகன் ஒன்றையும் விடாமல் தலையாட்டினான், அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பணம் என்ற விஷயத்தில் 'பறந்து போ' தோற்கிறது. வழியில் சந்திக்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஊர்ப்புறம் என்றால் திறந்த வானமும் திறந்த மனசும்தான் என்பதை நான் ஏற்கமாட்டேன். துரத்திய கடன் பாதி வழியில் மங்கிவிடுகிறது. வாசுதேவன் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் தவறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கோகுல் ஊர் திரும்பியதும் அந்தத் தவணை என்ன ஆகும் என்பது தெரியவே தெரியாது. '3 பிஎச்கே' எடுத்தவர்கள் அந்த இடத்தைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் என் ஓட்டு 'பறந்து போ'வுக்குத்தான். '3 பிஎச்கே' எனக்குத் தெரிந்த வலியை, எனக்குத் தெரிந்த வார்த்தைகளில், துல்லியமாகச் சொன்னது. 'பறந்து போ' அந்த வலி நடந்துகொண்டிருந்தபோது அதே வீட்டில் ஒரு பையனும் இருந்தான், அவனை யாரும் கேட்கவில்லை என்று சொன்னது. நாற்பதை நெருங்கும் வயதில் அது எனக்குப் புதிய செய்தி. ஒரு படம் நம்மை ஆமோதிப்பதைவிட, நம்மிடம் இதுவரை யாரும் கேட்காததைக் கேட்பது பெரிது என்று நினைக்கிறேன்.

அதே 2025-இல் மே 1 அன்று வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்றாகப் புரியும். இலங்கையிலிருந்து வந்து சென்னையில் வாடகை வீட்டில் குடியேறும் குடும்பம். பத்திரமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. அக்கம்பக்கத்து மனிதர்கள்தான் அவர்களுக்கு வீடாகிறார்கள். வாசுதேவன் குடும்பம் எத்தனையோ ஆண்டுகள் வாடகைக்கு இருந்தும், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் முகம்கூட என் நினைவில் நிற்கவில்லை.

யாரோடு பார்ப்பது என்று கேட்டால், ஓய்வு பெற்ற அப்பா அம்மாவுக்கு முதலில் '3 பிஎச்கே'யைப் போடுங்கள். தங்கள் வாழ்க்கையை ஒருவர் மதித்துப் படமாக எடுத்திருக்கிறார் என்ற நிம்மதி அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். வேலைக்குப் போகும் இளம் பெற்றோர்களுக்கு 'பறந்து போ', அதுவும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

ஆகஸ்டில் 'பறந்து போ' ஓடிடிக்கு வந்ததும் அப்பாவை உட்காரவைத்துப் போட்டேன். கோகுலின் அப்பாவாக பாலாஜி சக்திவேல் வரும் பகுதியில் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "உன்னை நான் ஒரு தடவையாவது இப்படி வண்டியில சும்மா சுத்த கூட்டிட்டுப் போயிருக்கேனாடா?"

"ஏன்ப்பா, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் போனோமே. கரும்புச்சாறு வாங்கித் தந்தீங்களே."

"அது மனை பாக்கப் போனது" என்றார்.