15 வருடம் முடிந்த பிபிஎஃப்: மூடுவதா, விட்டுவைப்பதா, இன்னும் போடுவதா?

2009 ஜூலையில் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டி ஆரம்பித்த என் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி, அரசின் 15 வருடச் சேமிப்புத் திட்டம்) கணக்கு 2024 ஜூலையில் முதிர்ந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். கணக்கு ஆரம்பித்த நிதியாண்டு முடிந்த பிறகுதான் 15 வருடத்தை எண்ணத் தொடங்குகிறார்கள். ஆக, 2025 ஏப்ரல் 1. அந்த மாதம் போய் நின்றபோது கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, "முடிஞ்சிடுச்சு சார், குளோஸ் பண்ணிடலாமா?" என்றார், டீ சொல்லட்டுமா என்று கேட்பதுபோல.

அவர் மேல் தப்பில்லை. ஆனால் மூடுவது மூன்று வழிகளில் ஒன்றுதான். என்னைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு மூன்றில் மட்டமான வழியும் அதுதான். காரணம் எளிது: வெளியே வந்த பணம் திரும்ப உள்ளே போகாது. வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது. 20 லட்சத்தை எடுத்தவர் மனம் மாறிப் புதுக் கணக்கு ஆரம்பித்தால், அதே 20 லட்சத்தை உள்ளே தள்ள 14 வருடம் ஆகும். அதுவும் மறுபடி 15 வருடப் பூட்டோடு. பழைய கணக்கின் மதிப்பே அதன் வயதில்தான் இருக்கிறது.

சரி, மற்ற இரண்டையும் பார்ப்போம். கணக்கிட வசதியாக 20 லட்சம் இருப்பு என்றும், 2020 ஏப்ரலிலிருந்து மாறாத 7.1 சதவீத வட்டி அப்படியே நீடிக்கும் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சும்மா விட்டுவிடுவது. இதற்குப் படிவமே வேண்டாம். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் கணக்கு தானாகவே இந்த நிலைக்குப் போய்விடும். முழு இருப்புக்கும் வட்டி, வட்டிக்கு வரி கிடையாது. நிதியாண்டுக்கு ஒரு முறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். எதையும் எடுக்காவிட்டால் 5 வருடத்தில் 20 லட்சம் சுமார் 28.18 லட்சம் ஆகும்.

இரண்டாவது, தொடர்ந்து போடுவது. முதிர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் படிவம் 4 கொடுக்க வேண்டும். 5 வருடத்துக்கு நீட்டிப்பார்கள். வருடா வருடம் ஏப்ரல் 5-க்குள் ஒன்றரை லட்சம் போட்டுவந்தால் கடைசியில் சுமார் 37.44 லட்சம் கையில் நிற்கும். ஆனால் பணம் எடுப்பதில் கெடுபிடி உண்டு. நீட்டிப்பு தொடங்கிய நாளில் இருந்த தொகையில் 60 சதவீதத்தைத்தான் அந்த 5 வருடத்தில் மொத்தமாக எடுக்கலாம், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை. நம் உதாரணத்தில் 12 லட்சம்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கதவு ஒருபக்கமாகத்தான் திறக்கும். போட்டுக்கொண்டிருந்தவர் 5 வருடம் முடிந்ததும் சும்மா விடலாம். சும்மா விட்டு ஒரு வருடம் தாண்டியவர் மறுபடி போட ஆரம்பிக்க முடியாது. என் மைத்துனருக்கு இது தெரியாது. படிவம் கொடுக்கவில்லை, வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து விஷயம் வெளிப்பட்டபோது, போட்ட 3 லட்சமும் ஒரு பைசா வட்டியில்லாமல் திரும்பி வந்தது. படிவம் இல்லாமல் போட்ட பணத்துக்கு வட்டியும் கிடையாது, வரிக்கழிவும் கிடையாது.

யாருக்கு எது? பழைய வரி முறையில், போட்ட தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்காட்டும், 80சி என்று பெயர்பெற்ற கழிவை எடுப்பவருக்குப் போடுவதே லாபம், யோசிக்கத் தேவையில்லை. புதிய முறைக்கு மாறியவருக்கு அந்தக் கழிவு இல்லை. ஆனாலும் வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை அப்படியே இருக்கிறது. 30 சதவீத வரி கட்டுபவர் கையில் இதே 7.1 நிற்க வேண்டுமென்றால் எஃப்டி 10.3 சதவீதமாவது தர வேண்டும். எந்த நல்ல வங்கி தருகிறது?

இந்த லாபக் கணக்கு தலைகீழாவது என் அப்பா மாதிரியானவர்களுக்கு. வயது 60 தாண்டியவர், வருமானம் குறைவு, எப்படியும் வரி வராது. புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரியே இல்லை. வரியே கட்டாதவருக்கு வரிவிலக்கு எதற்கு? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் தருகிறது, 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். அங்கேதான் போக வேண்டும். அப்போதும் கணக்கை மூடச் சொல்ல மாட்டேன். சும்மா விட்ட நிலையில் பெரும்பகுதியை ஒரே முறையில் எடுத்து அங்கே போட்டுவிட்டு, கொஞ்சத்தை இங்கேயே விட்டுவைக்கலாம். அப்பா அப்படித்தான் செய்தார்.

வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. என்ஆர்ஐ கணக்கை நீட்டிக்க முடியாது, முதிர்ந்ததும் எடுத்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது, கணக்கைத் தபால் நிலையத்திலேயே வைத்திருப்பதா, வங்கிக்கு மாற்றுவதா? வட்டி எங்கேயும் ஒன்றுதான், அரசு நிர்ணயிப்பது. வித்தியாசம் வசதியில் மட்டும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குப் பிறகு மாத முடிவு வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 4-க்குப் பதில் 6-ஆம் தேதி போட்டால் சுமார் 887 ரூபாய் போச்சு. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டும் வசதி முக்கியம். ஆனால் அதற்காக மட்டும் மாற்ற நினைத்தால் வேண்டாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் ஆப் மூலம் தபால் நிலைய பிபிஎஃப்புக்கும் கட்டலாம்.

நான் மாற்றியதற்குக் காரணம் வேறு. வீடு மாறிவிட்டேன், பழைய தபால் நிலையம் இரண்டு பஸ் தூரம். முதலில் அங்கேயே படிவம் 4 கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மாற்றும் நடுவில் நீட்டிப்புக் கெடு வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? பழைய இடத்திலிருந்து கணக்கின் சான்றிட்ட நகல், ஆரம்ப விண்ணப்பம், நாமினி விவரம், மாதிரிக் கையெழுத்து, இருப்புத் தொகைக்கான காசோலை எல்லாம் புதிய கிளைக்குப் போகும். அங்கே புதிதாகக் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுக்க வேண்டும். கணக்கின் வயது அப்படியே தொடரும்.

எனக்கு இடித்தது கையெழுத்து. 2009-இல் தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது போடுவது ஆங்கிலத்தில் இரண்டு சுழி. விண்ணப்பம் திரும்பி வந்தது. பழையபடி போட முயன்றால், சொந்தக் கையெழுத்தைக் கள்ளக் கையெழுத்துபோல எழுத வேண்டியிருந்தது. கடைசியில் அடையாளச் சான்றுகளோடு நேரில் போய்ப் புதுக் கையெழுத்தைப் பதிவு செய்தேன்.

அது முடிந்து புதிய பாஸ்புக் வந்தது. பிரித்துப் பார்த்தால், கணக்குத் தொடங்கிய தேதி என்ற இடத்தில் பணம் வந்து சேர்ந்த தேதி! கணினியைப் பொறுத்தவரை நான் முந்தாநாள் சேர்ந்த ஆள், 15 வருடம் காத்திருக்க வேண்டும். பழைய பாஸ்புக்கை ஒப்படைக்கும் முன் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்துவைத்திருந்தேன். முதல் பக்கத்தில் யாரோ நீல மையில் எழுதிய 500 ரூபாய் வரவையும், பக்கத்தில் இருந்த தபால் முத்திரையையும் காட்டிய பிறகுதான் தேதியைத் திருத்தினார்கள்.