புயற்காற்றுக்கு முன் ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திலும் அவ்வப்போது 120 வரையிலும் வீசியது. கடலோர மாவட்டங்களில் வீட்டைப் பழுதுபார்ப்பவர்கள் ஓடா, தகரமா என்று முடிவுசெய்யும்போது அந்த வேகத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே பெரிய ஆபத்து. அந்த இழுப்பு முகட்டிலும் ஓரங்களிலும் மிகுதி. மங்களூர் ஓடு தன் எடையால் ஓரளவு தாங்கும். ஆனால் ஓரம் பெயர்ந்துவிட்டால் அடுத்தடுத்த வரிசைகளும் கழன்று போகும். முகட்டு ஓடுகளையும் ஓர வரிசைகளையும் சிமெண்டுக் கலவையால் பூசிப் பிடிப்பது செலவு குறைந்த காப்பு. உடைந்தவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஓட்டின் பெரிய வசதி.

தகரம் இலேசானது, ஆகையால் அதன் உறுதி முழுவதும் பிணைப்பைப் பொறுத்ததே. வெறும் ஆணி அடித்த தகரம் பிய்ந்து பறந்தால், கூரிய விளிம்பால் தெருவில் இருப்பவரையும் வெட்டும். இரும்புச் சட்டத்தில் ஜே போல்ட்டும் (கொக்கி போல் வளைந்த போல்ட்) அகன்ற வாஷரும் கொண்டு, ஓரங்களில் நெருக்கமாகப் பொருத்தி, அந்தச் சட்டத்தையும் சுவரோடு பிணைத்தால் தகரம் நன்றாகவே நிற்கும். உப்புக்காற்றில் போல்ட்டுகள் துருப்பிடிப்பதால் ஐப்பசிக்கு முன்பே ஆண்டுதோறும் அவற்றைச் சோதிக்க வேண்டும். அதற்கு இயலாத குடும்பத்துக்கு ஓட்டையே பரிந்துரைப்பேன்.