ஞாயிறு பேஸ்பால் வகுப்பு: கோச்சுக்கு 5 நட்சத்திரம், நிறுவனத்துக்கு 2

மகனை பேஸ்பாலில் சேர்க்கப்போகிறேன் என்றதும் என் அப்பா கேட்டது, "ஏம்மா, கிரிக்கெட்டுக்கு என்ன குறைச்சல்?" என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. பையன் தொடக்கநிலை 5, பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்கு பேஸ்பால் மாதிரியே இருக்கும் சாஃப்ட்பால் கேட்டான், கிடைக்கவில்லை, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், சரி போ என்று தேடிச் சேர்த்துவிட்டேன். 8 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 360 வெள்ளி.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வலது கைக்காரன், அதனால் வலது கையில் மாட்டுகிற கிளவ் வாங்கிவிட்டேன். வலது கையால் எறிகிறவனுக்குக் கிளவ் இடது கையில்தான் இருக்க வேண்டும், எறிகிற கை சும்மா இருக்கணும், யோசித்தால் எவ்வளவு சாதாரண விஷயம். அவன் வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவில் பெயரை எழுதிவிட்டதால் கடையில் மாற்றவும் முடியவில்லை. இன்னொன்று வாங்கியாயிற்று.

முதல் நாள் மட்டையைத் தொடவே விடவில்லை. எறி, பிடி, எறி, பிடி, அவ்வளவுதான். இதற்கா காசு கட்டினோம் என்று எனக்குக் கடுப்பு. இரண்டாம் வாரம் மட்டை கைக்கு வந்ததும் பையன் தாத்தாவோடு பிளாக் கீழே கிரிக்கெட் விளையாடிய பழக்கத்தில் அதைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்றான், ஓரமாக உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு ஒரே பெருமை. கோச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பந்தை ஒரு கம்பத்தின் மேல் வைத்து, முழங்கையை மெல்லத் தூக்கிவிட்டு, "இப்போ அடி" என்றார். அப்புறம் முதல் பேஸுக்கு, அதாவது பந்தை அடித்தவன் ஓடிப்போய் மிதிக்க வேண்டிய முதல் இடத்துக்கு, ஓடுவது. அங்கே போய் நிற்காதே, மிதித்துவிட்டுத் தாண்டி ஓடு என்று அந்த ஒரே விஷயத்தை இருபது தடவையாவது செய்ய வைத்திருப்பார். ஒரு பிள்ளை மேல் கூட எரிந்து விழவில்லை.

ஆனால் இந்த வகுப்பின் சிறந்த பகுதி மின்னல் எச்சரிக்கை சைரன் அடித்த பிறகுதான். மூன்றாம் வாரம் எல்லோரும் கூரைக்கு அடியில் முக்கால் மணி நேரம் அடைந்து கிடந்தோம். இந்தச் சிங்கப்பூர் வெயிலும் இடியும் தெரியும்தானே. அப்போதுதான் அவர் அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் உதவிக் கோச்சாக இருந்தவர் என்பதே தெரிந்தது. நல்ல சம்பளமா என்று அப்பா நேராகவே கேட்டுவிட்டார் (எனக்குத் தலைகுனிவு). முதல் நான்கு வருஷம் சம்பளமே இல்லையாம்! NCAA என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகளில் தலைமைக் கோச், சம்பளம் வாங்கும் உதவியாளர்கள் இரண்டு பேர், அதற்கு மேல் ஒரு 'தன்னார்வ' உதவியாளர், 2023 வரை அதுதான் விதி. அந்த நான்காவது ஆள் மண்ணைச் சமப்படுத்துவார், பயிற்சிக்குப் பந்து வீசுவார், கோடை முகாம்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாடகை கட்டுவார். 2023 ஜூலையில்தான் அந்தப் பதவியை ஒழித்து, மூன்றாவது உதவியாளருக்கும் சம்பளம் தரலாம் என்றார்கள்.

அப்புறம் ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரி தரும் உதவித்தொகைக் கணக்கு. முன்பு பல வருஷமாக ஒரு அணிக்கு மொத்தமே 11.7 முழு உதவித்தொகைதான் இருந்தது. அதை 27 பேர் வரை கால், மூன்றில் ஒன்று என்று பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் கோச் வேலையில் பாதி, பையன்களின் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் பேசுவதுதான் என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, இந்த மனிதர் ஏன் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பெற்றோரிடமும் வந்து பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார் என்று. பேச்சும் பொதுவாக இருக்காது. "பந்து வரும்போது இவன் கண்ணை மூடிக்கொள்கிறான், போன வாரத்தைவிடக் குறைவு" என்பார்.

நீங்கள் எத்தனை கோப்பை வாங்கினீர்கள் கோச் என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் தன்னைப் பற்றிச் சொல்லாமல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் தலைமைக் கோச்சாக இருந்த மைக் மார்ட்டின் கதையைச் சொன்னார். 1980 முதல் 2019 வரை 40 பருவம், 2,029 வெற்றி, ஒவ்வொரு வருஷமும் தேசியப் போட்டிக்குத் தகுதி, ஒமாஹாவில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு 17 தடவை போயிருக்கிறார். கோப்பை? ஒன்று கூட இல்லை. பிள்ளைகள் கப்சிப். "அப்போ வேலையை விட்டுத் தூக்கலையா?" என்றான் ஒருவன். என் அப்பா பின்னாலிருந்து, "நான் கூடத்தான் 31 வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தேன், எனக்கு யார் தம்பி கோப்பை கொடுத்தா?" என்றார். கோச்சுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

சரி, நிறுவனத்துக்கு வருவோம். மின்னலில் போன நேரத்துக்கு மாற்று வகுப்பு கிடையாது, அது பதிவுப் படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, படித்துவிட்டுக் கட்டுங்கள். ஒரு வாரம் திடலை மாற்றிவிட்டுக் காலை 7 மணிக்குத்தான் செய்தி அனுப்பினார்கள். நாங்கள் ஈசூனிலிருந்து கிளம்பி ரயிலில் பாதி வழி வந்தாயிற்று. போன் செய்தால் எடுக்க ஆளில்லை. இன்னொன்று, கோச்சுகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஆறாம் வாரம் வந்த இளைஞர் பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் சேரும்போதே யார் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்கு நான் அப்படித்தான் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டினேன். அந்த வலது கை கிளவ் இன்னும் புதுசாகவே இருக்கிறது. இடது கைக்காரப் பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள், பெயர் எழுதியிருந்தால் பரவாயில்லை என்றால் சும்மாவே தருகிறேன்.