கண்ணா, கேமராவா?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம், மார்கழிப் பனியில் தொலைநோக்கி வழியே ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தைப் பார்த்தால் சாம்பல் புகைதான். "இதுக்கா அண்ணே எழுப்புனீங்க?" என்றான் தம்பி. அதையே கேமராவை முப்பது விநாடி திறந்துவைத்துப் பிடித்தால் இளஞ்சிவப்பு! பொய் நிறமல்ல, ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழும் சிவப்பு ஒளி. மங்கலில் நம் விழித்திரையின் கூம்புச் செல்கள் ஓய்ந்துவிடும். விழித்திருக்கும் குச்சிச் செல்களுக்கு நிறமே தெரியாது, அந்தச் சிவப்பும் ஏறக்குறைய எட்டாது. கேமரா ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும்.

நட்சத்திரம் என்றால் என் ஓட்டு கண்ணுக்கே. சுமார் 3,500 கெல்வின் வெப்பமுள்ள திருவாதிரை செம்மஞ்சள், 12,000 கெல்வின் ரீகல் நீலவெள்ளை, வெறுங்கண்ணுக்கே தெரியும். கேமராவில் ஒளி மிஞ்சினால் இரண்டும் வெள்ளைப் பொட்டு.