வீட்டுத் தொலைக்காட்சியில் பெற்றோர் பூட்டு: நான்கு ஆண்டு அனுபவம்

2021-இல் மகனுக்கு எட்டு வயதானபோது வீட்டுத் தொலைக்காட்சியின் ஓடிடி செயலிகளில் பெற்றோர் பூட்டைப் போட்டேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓடிடி தளங்கள் தம் படங்களை யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று பிரிக்க வேண்டும் என்றும், 13+ முதல் மேலுள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு, 7+ வரம்பு, நான்கு இலக்கப் பின் எண் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. அந்த எண் என் பிறந்த ஆண்டுதான் என்பதை அவன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தது வேறு கதை.

எண்ணை மாற்றிய பிறகு பூட்டு ஒழுங்காகவே வேலை செய்கிறது. ஆனால் அது படத்தைத்தான் பூட்டுகிறது, சொல்லைப் பூட்டுவதில்லை. திரையரங்கில் நாங்கள் குடும்பமாகப் பார்த்த படம்தானே என்று நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் உட்காரவைத்து அதே படத்தை ஓடிடியில் ஓடவிட்டேன். அரங்கில் ஒலி நிறுத்தப்பட்டிருந்த இரண்டு வசைகளும் கூடத்தில் முழுதாக ஒலித்தன. இன்னொரு படத்தில் ஒலியை நிறுத்தியிருந்தார்கள், ஆனால் அதே சொல் கீழே ஆங்கில வசன வரியாக ஓடியது. அதைப் படித்துவிட்டு மகன், "அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். அந்தச் சொல் காதில் மட்டும் விழுந்திருந்தால் ஒருவேளை கவனித்திருக்கவே மாட்டான்.

அமெரிக்காவில் வீட்டுக்குள் படத்தின் சிறு பகுதிகளை ஒலியிழக்கச் செய்தோ தாவியோ பார்க்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கிளியர்பிளே போன்ற சேவைகள் அந்த அடிப்படையில் இயங்குகின்றன. அப்படி ஒன்று தமிழுக்கு வந்தாலும், மதுரையில் நண்பனைக் கொஞ்சும் சொல்லே வேறோர் ஊரில் கைகலப்பில் முடியும்போது, எந்தச் சொற்பட்டியலை வைத்து வடிகட்டுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் என் பார்வையும் மாறிவிட்டது. பூட்டு தாராளமாக அனுமதித்த பழைய யு சான்றிதழ் நகைச்சுவைகளில் கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் கேலி செய்யும் வசனங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கேட்டுவிட்டு மகன் வகுப்புத் தோழியை அதே பட்டப்பெயரால் அழைத்தான். வயற்காட்டில் மாட்டைத் திட்டும்போது எங்கள் அப்பத்தா வாயில் வராத வசையில்லை. ஆனால் அவர் யாரையும் நிறம் சொல்லி இழித்து நான் கேட்டதில்லை. எதற்காகப் பதறினேன், எதைச் சிரித்துக் கடந்தேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

2023 திருத்தச் சட்டத்தால் திரையரங்குச் சான்றிதழிலும் யு/ஏ மூன்றாகப் பிரிந்திருப்பது, எந்தப் படத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று முடிவுசெய்ய உதவுகிறது. வீட்டில் இப்போது மகன் 13+ படங்களை நான் உடனிருந்தால் பார்க்கலாம். மகளின் கணக்கு 7+ வரம்பிலேயே இருக்கிறது. வசன வரியை மட்டும் எல்லோருக்கும் அணைத்துவிட்டேன், ஏனென்றால் இளையவளும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.